ஆறு வருஷத்து அல்வா

எங்கள் ஊரில் ஒருவரை ஏமாற்றினால் அவருக்கு அல்வா கொடுத்துவிட வேண்டும். ஏமாந்திருந்த வருஷம் ஒன்றுக்குக் கால் கிலோ. வெளியூர்களில் இதை வெறும் பேச்சாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள் என்று கேள்வி.

நான் கொடுக்க வேண்டியிருந்தது அமலோற்பவத்துக்கு. தங்கை கல்யாணம் முடிந்ததும் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை நம்பி, பெண் பார்க்க வந்த மூன்று பேரை அவள் திருப்பி அனுப்பினாள். தங்கை கல்யாணம் முடிந்தது. நாகர்கோவில் மாமா தன் மகளைப் பற்றிப் பேச்செடுத்தார். நான் தலையாட்டிவிட்டேன்.

"எத்தன வருசம்?" என்றார் அல்வாக் கடைக்காரர்.

"ஆறு."

ஒன்றரைக் கிலோ நிறுத்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"மருந்துக்கடையில நிக்குமே, அந்தப் பிள்ளைக்கா?" என்றவர் மேலே இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டார். "சூட்டோட குடுத்துருங்க. ஆறிப்போனா செல்லாது."

வேகமாக நடந்தேன். எதிரே வந்தவர்கள் பொட்டலத்தின் பருமனைப் பார்த்து வழிவிட்டார்கள்.

மருந்துக்கடையில் மதிய நேரத்துக்கு ஆள் இல்லை. அமலோற்பவம் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை வாங்கிக் கையாலேயே எடை பார்த்தாள்.

"ஆறு வருசத்துக்குமா?"

"ஆமா."

முதல் வாயை, கொடுத்தவர் முன்னாலேயே தின்ன வேண்டும், அதுதான் முறை. ஸ்டூலில் உட்கார்ந்து தின்றாள்.

"நெய் நல்லா விட்டிருக்காவ."

பிறகு மாத்திரை அட்டை வெட்டும் கத்தரியால் ஓர் ஓரத்தை வெட்டி, காகிதத்தில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"இது மொத வருசம். இத நீங்களே வச்சுக்கிடுங்க. அப்ப நீங்க நெசமாத்தான் சொன்னீய."

அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். மாமாவிடம் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"எம்மேல வருத்தமா?" என்று கேட்டேன்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, தோளில் சேலைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அதை நன்றாகத் துடைத்தாள். அதற்கும் எங்கள் ஊரில் முறை உண்டு. நான் குனிந்து இடது காதைக் காட்டினேன். குத்தினாள். கை நிதானமாகத்தான் இருந்தது.

"நீங்க நல்லாருந்தா எனக்கு அது போதும்," என்றாள்.

நான் வலது காதைத் திருப்பினேன்.