இரவல் கட்டில்கள்

திருகோணமலை ஆட்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. வீட்டுக்கு யாரும் வந்தால் இல்லாமையைக் காட்ட வராது. அரிசிப் பானை காலியாக இருந்தாலும் வந்தவருக்குப் பாயாசம் வைப்பார்கள். அவர் வாசல் படலையைத் தாண்டிய பிறகு குசினிக்குள் இருந்து வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள். பரம்பரை நோய் அது. இதற்கு மருந்து வேண்டுமென்று இதுவரை யாரும் கேட்டதும் கிடையாது.

இராசமலருக்கும் அது இருந்தது. இல்லாவிட்டால் அந்தக் காலையில் அவள் அப்படி ஓடித் திரிந்திருக்க மாட்டாள்.

பிள்ளைகள் இல்லமொன்றின் பொறுப்பாளர் அவள்; ஊரார் வாயில் மேற்றன். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக ஊரார் சங்கம் வைத்துத் தொடங்கிய இல்லம் அது. தொடக்கத்தில் ஊர் அள்ளிக் கொடுத்தது. ஆனால் புயல் ஊரின் கூரையையும்தானே கொண்டுபோயிருந்தது? கொடுத்த கைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. அரசாங்கம் தருகிற உதவிப் பணமோ பெரிய இல்லங்களுக்கு மட்டும்தான். ஊர்ச் சங்கங்கள் நடத்தும் சின்ன இல்லங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

சங்கத் தலைவர் சோமசேகரம் அரசாங்கக் கச்சேரியில் சிறாப்பராக இருந்து பென்சன் எடுத்தவர். காசுப் பெட்டிக்குக் காவலிருந்த மனிதர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டாமல் வாசலுக்கு வரமாட்டார். அப்பேர்ப்பட்டவர் மனுவும் கையுமாகக் கொழும்பில் படியேறி இறங்கினார். சின்ன இல்லங்கள் வைத்திருந்த மற்ற ஊர்க்காரரையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வந்தது. சின்ன இல்லங்களுக்கும் உதவி உண்டு என்று அதில் ஒரேயொரு வாசகம் இருந்தது. அந்த வாசகம் தேவைதானா என்று ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவில் குலசிங்கம் என்ற உறுப்பினர் இருந்தார். அவர்தான் இன்று இல்லத்தை நேரில் பார்க்க வருகிறார். தேவை என்று அவர் சொன்னால் வாசகம் நிற்கும். தேவையில்லை என்றால் வெட்டிவிடுவார்கள்.

வெட்டினால் மாதக் கடைசியில் இல்லத்தை மூடுவதென்று சங்கம் முடிவெடுத்திருந்தது. பெண் பிள்ளைகள் மட்டக்களப்புக்கு, ஆண் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கு. மூதூரிலிருந்து வந்த நஜ்முன் நிஸாவும் அவள் தம்பி ஸுஹைரும் ஒரே பாயில் படுக்கிறவர்கள். தம்பியின் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொள்ளாமல் அவளுக்கு நித்திரை வராது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்து வண்டியேற்றுவது என்று இராசமலருக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்த அவள்தான் அன்று காலை இரவல் கட்டில் தேடிப் பிடித்தாள்.

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் அபூதாஹிரின் வாடகைச் சாமான் கடை இருந்தது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் விட்ட இரும்புக் கட்டில்களை அவர் மலிவாக வாங்கியிருந்தார். கலியாண வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவை போய் வரும். "பிள்ளையளுக்குத்தானே, வாடகை வேணாம்" என்று கட்டில்களையும் கதிரைகளையும் ஆள் வைத்து இறக்கித் தந்தார். பக்கத்து வீட்டு ஸல்ஹா, மகளின் கலியாணத்துக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்த பூப்போட்ட பீங்கான்களைத் தந்தாள். தன் பட்டுச் சீலையையும் இராசமலரின் தோளில் போட்டுவிட்டாள்.

"பாராளுமன்றத்தில கதைக்கிற ஆள் வாறார். எங்கட இல்லத்தைப் பற்றித் தரமாய்க் கதைக்கவேணும்" என்றார் சோமசேகரம்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் இராசமலர்தான். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் சாப்பாடா என்று ஐயா கேட்டால், ஓம் என்று சொல்லவேண்டும்.

ஐயா வந்தார், பார்த்தார். வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, கஞ்சி போட்ட சட்டைகள். மத்தியானம் அறக்குளா மீன் குழம்பு, பூசணிக்காய்க் கறி, பாயாசம். குலசிங்கம் ஸுஹைரின் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு நாளும் இப்படித்தானா என்று கேட்டே விட்டார். ஸுஹைர் வாயில் மீனோடு "ஓம் ஐயா" என்றான். அந்த ஓமைக் கேட்டதும் இராசமலர் அவன் பீங்கானில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

வெற்றிலை போடும்போதுதான் வினை வெளியே வந்தது.

"உண்மையைச் சொன்னால் சிறாப்பர், எனக்குப் பெரிய சந்தோசம்" என்றார் குலசிங்கம். "அரசாங்கக் காசு எடுக்கிற இல்லங்களைப் போய்ப் பார்த்தனான். இதில அரைவாசி வசதியும் இல்லை. சின்ன இல்லங்கள் காசில்லாமல் தவிக்குது எண்டு குழுவில ஒரே கதை. நாளைக்கில்லை, நாளையிண்டைக்குக் கூட்டம். ஊரவை மனசு வைச்சால் அரசாங்கத்தின்ர காசு தேவையில்லை எண்டு சொல்லப்போறன். உங்களைத்தான் உதாரணம் காட்டுவன்."

"எல்லாம் உங்கட ஆசீர்வாதம்" என்றார் சோமசேகரம், பழக்கதோசத்தில். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, மடக்கத் தெரியவில்லை.

இராசமலர் கதவோரம் நின்றவள் முன்னால் வந்தாள். "ஐயா, எங்களுக்கு அந்தக் காசு தேவை."

"தேவை எண்டு எல்லாரும்தான் சொல்லுகினம், பிள்ளை. நான் கண்ணால பார்த்திட்டனே."

"நீங்கள் பார்த்தது..."

"மேற்றன் இன்னும் ரெண்டு கட்டில் இருந்தால் நல்லம் எண்டு சொல்லுறா" என்று சோமசேகரம் குறுக்கே விழுந்தார். மேற்கொண்டு வாய் திறக்காதே என்று அவர் கண் கெஞ்சியது. பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. துறைமுகத்து ஊரில் மானம் கப்பலேற அதிக நேரம் எடுக்காது என்ற பயம் அவருக்கு.

குலசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். தம்பலகாமத்தில் ஒரு கூட்டம், பிறகு கொழும்பு ரெயில். ஜீப் சாரதி எழும்பிப்போய் இயந்திரத்தை முடுக்கினான். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு இராசமலர் பின்பக்கத்தால் ஓடினாள்.

குசினிக்குள் ஸல்ஹா பாயாசச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, உங்கட பீங்கானையெல்லாம் இப்பவே எடுங்கோ. முன்னுக்கு வந்து, அவர் பார்க்க எடுங்கோ."

"உங்களுக்கென்ன பைத்தியமா மலர்? வந்த மனிசன் எழும்ப முந்தி குடுத்த சாமானை எடுக்கிறதா?"

இராசமலர் ஒழுங்கையைத் தாண்டினாள். கட்டில்களை இப்போதே எடுக்கச் சொன்னதும் அபூதாஹிர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"விருந்தாளி இருக்கக்குள்ள கட்டிலைத் தூக்கினா என்ட வாப்பா கபுறுக்குள்ள புரளுவாரு மேற்றன். நான் செய்ய மாட்டன்."

"நானா, இண்டைக்கு நீங்கள் கட்டிலைத் தூக்காட்டி, மாதக் கடைசியில பிள்ளையளைத் தூக்குவினம். நிஸாவை ஒரு பக்கம், ஸுஹைரை ஒரு பக்கம். எனக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. அவர் கண்ணை மட்டும்தான் நம்புறார்."

அபூதாஹிர் தொப்பியைத் திரும்பப் போட்டார். கடைப் பையன்களைக் கூப்பிட்டார்.

குலசிங்கம் தேத்தண்ணியை வாயில் வைத்த நேரம் முதல் கட்டில் அவரைக் கடந்து போனது. அதன் பின்னால் இரண்டாவது. ஸல்ஹா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பாராமல் பீங்கான்களை அடுக்கினாள்.

"என்ன நடக்குது இஞ்ச?"

"ஒரு கலியாண வீடு ஐயா, அவசரமாக் கேட்டாங்க" என்றார் அபூதாஹிர். தூக்குகிற போதும் மனிதருக்கு உண்மை வாயில் வரவில்லை.

"கலியாண வீடு இல்லை" என்றாள் இராசமலர். "இதெல்லாம் இரவல். கட்டிலும் கதிரையும் நானாவின்ர. பீங்கான் ராத்தாவின்ர. நான் கட்டியிருக்கிற சீலையும் ராத்தாவின்ரதான். மீன் ஒரு கரைவலைச் சம்மாட்டி குடுத்தவர். பிள்ளையளுக்கு ஓம் சொல்லச் சொன்னது நான்."

வெளியே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அவள் சோமசேகரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். இன்றோடு இந்த வேலையும் போனது என்றுதான் நினைத்தாள்.

பையன்கள் கதிரைகளையும் கொண்டுபோனார்கள். இரண்டு மிஞ்சின. ஒன்றில் குலசிங்கம், மற்றதில் சோமசேகரம். அபூதாஹிர் வாசலிலேயே நின்றுவிட்டார். விருந்தாளியை எழுப்பிக் கதிரையைத் தூக்க அவரால் முடியாது.

சோமசேகரம் எழும்பினார். தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். திரும்பி வந்து குலசிங்கத்துக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, குறை நினைக்கக் கூடாது. கொஞ்சம் எழும்புங்கோ. அந்தக் கதிரையும் எங்கடையில்லை."

குலசிங்கம் எழும்பினார். கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். கதிரை போனது. மண்டபம் வெறும் சீமெந்தும் சுவருமாக நின்றது.

கட்டில்கள் போனதும் வந்தவர் போய்விட்டார் என்று பிள்ளைகள் நினைத்திருக்க வேண்டும். நிஸா மூலையிலிருந்து பாயை இழுத்து வந்து விரித்தாள். ஓரம் பிய்ந்த பாய். ஸுஹைர் புதுச் சட்டையோடே அதில் சுருண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரு பாயா?" என்று குலசிங்கம் கேட்டார்.

"எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் இராசமலர்.

"மத்தியானத்தில என்ன சாப்பாடு?"

"கஞ்சி. சூடை மீன் கிடைச்சால் அதுவும்."

"அப்ப ஏன் என்னை இப்படி ஏமாத்தினீங்கள்?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரத்தில நான் ரெயிலேறியிருப்பன். இந்தப் பிள்ளையளின்ர சோத்தில நானே மண்ணைப் போட்டிருப்பன்."

"வெட்கத்தில ஐயா" என்றாள் இராசமலர். வேறு காரணம் அவளிடம் இல்லை.

குலசிங்கம் குனிந்து கையிலிருந்த கோப்பையைப் பாயோரம் வைத்தார்.

"நான் போய்ச் சொன்னால் குழு நம்பாது. சின்ன இல்லங்கள் எல்லாம் நடிக்குது எண்டு ஏற்கெனவே அங்க ஒரு கதை. நீங்கள் வாங்கோ. நாளையிண்டைக்குக் குழுவுக்கு முன்னால நிண்டு இதைச் சொல்லுங்கோ. இல்லாததை மட்டுமில்லை, இண்டைக்கு மறைச்சதையும் சொல்லவேணும். அதைச் சொன்னால்தான் மிச்சத்தை நம்புவினம். சொல்ல ஏலுமா?"

ஊர் பேர் தெரியாத பெரிய மனிதர்கள் முன்னால், நான் பொய் காட்டினேன் என்று சொல்வது. இராசமலர் பாயைப் பார்த்தாள். நிஸா இருந்தபடியே தூங்கத் தொடங்கியிருந்தாள். விரல் மட்டும் விடவில்லை.

"ஏலும்" என்றாள்.

"நானும் வாறன்" என்றார் சோமசேகரம். "ஆசீர்வாதம் எண்டு சொன்னது நான்தானே."

ஜீப் போனது. இல்லத்தை மூடுகிற கதையைக் கொழும்பிலிருந்து திரும்பி வரும்வரை எடுப்பதில்லை என்று சோமசேகரம் அங்கேயே சொல்லிவிட்டார். அவள் குசினிக்குள் போய்ப் பட்டுச் சீலையை மாற்றி, மடித்து, ஸல்ஹாவின் கையில் கொடுத்தாள். ஸல்ஹா வாங்கவில்லை.

"வெச்சிக்கங்க. கொழும்புக்கு இதக் கட்டிட்டுப் போங்க."

"வேண்டாம் ராத்தா."

ஸல்ஹா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வெளுத்த நூல் சீலை, தலைப்பில் ஒட்டுப் போட்டது.

"பாராளுமன்றத்துக்கா போறீங்க, இந்தச் சீலையோட?"

"ஓம்" என்றாள் இராசமலர். "இது என்ர சீலை."