மேலே இழுத்த ஏணி

ஆர்டித் சுவரின் கனத்தை அளந்துகொண்டிருந்தாள். வீடு கட்டப்பட்டிருந்த பாறை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். ஏறுவதற்கு அவளும் நாத்தனாரும் கொண்டுவந்த அலுமினிய ஏணிதான் சுலபமான வழி. பகை இனத்தாரான யூட் குதிரைக்காரர்கள் வந்து பெண்களையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போன காலத்தில், அவளுடைய நவாஹோ பழங்குடி முன்னோர் ஒளிந்துகொள்ளக் கட்டிய கல்வீடு அது. அகழாய்வுக்காரியாக இப்படிப் பல வீடுகளை வரைபடமாக்கியிருக்கிறாள். படம் பிடிக்க வந்திருந்த நாத்தனார் ரோஸெல்டா மட்டும் வாசலைத் தாண்ட மறுத்து வெளி விளிம்பிலேயே நின்றாள்.

"செத்தவங்க வீட்டுக்குள்ள உக்காந்து டேப் பிடிக்கிறீங்க அண்ணி. இன்னிக்கு எங்கண்ணன் உங்களப் பக்கத்துல படுக்க விடுவாருன்னா நெனைக்கிறீங்க?"

"உங்கண்ணன் குறட்டைக்குப் பேயே ஓடிடும். வெளிச்சத்த மறைக்காம நில்லுடி."

அப்போதுதான் கீழே வண்டிச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் வண்டியில் வருகிற எரிவாயுக் கிணற்று ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஜூனிப்பர் மரங்களுக்கிடையே இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் தோளில் மண்வெட்டியும் சல்லடையும். வயதானவன் கையில் துப்பாக்கி. பானைத் திருடர்கள், பழைய வீடுகளைத் தோண்டி எடுத்து விற்பவர்கள். போன வசந்தத்தில் அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வீட்டைத் தோண்டி, அங்கே புதைத்திருந்தவரின் எலும்புகளை வெயிலில் சிதறிப் போட்டுவிட்டுப் போனார்கள். தடுக்கப் போன காவலருக்கு இன்றுவரை ஒரு கண் தெரியாது.

பெண்கள் வந்த வண்டி மேட்டுக்கு அப்பால் நின்றது. போனில் சிக்னல் இல்லை. ஆர்டித் குனிந்து ஏணியை மேலே இழுத்தாள். கல்லில் உலோகம் உரசிய சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது.

"உள்ள வா."

"வர மாட்டேன் அண்ணி."

"சுட்டுருவாங்கடி!"

"எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு." ரோஸெல்டாவின் உதடு வெளுத்திருந்தது. "வயித்துல இருக்கும்போது இந்த மாதிரி எடத்துப் பக்கமே வரக் கூடாது. நீங்க தனியா வருவீங்களேன்னுதான் வந்தேன்."

ஆர்டித் எட்டி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ரோஸெல்டா கண்களை இறுக்க மூடிக்கொண்டு, எந்தச் சுவரிலும் படாமல், அறையின் நடுவில் வயிற்றைக் கைகளால் மறைத்துக் குந்தினாள்.

வருபவர்களை ஒளிந்திருந்து பார்க்க, சுவரில் சாய்வாக ஒரு துளை இருந்தது. ஆர்டித் மாணவர்களுக்கு அதைச் சலிப்பில்லாமல் விளக்கியிருக்கிறாள். இப்போது கண்ணை வைத்தபோது குனியவும் வேண்டியிருக்கவில்லை, எக்கவும் வேண்டியிருக்கவில்லை. கட்டியவளும் தன் உயரம்தான் போலும் என்று நினைத்தாள். துளை வழியே பாறை வெடிப்பும், அதில் ஏறுவதற்கு வெட்டிய பழைய கால்குழிகளும் மட்டும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

"ஏணி வச்ச தடம் புதுசா இருக்குய்யா. மேல ஆள் இருக்கு." கீழிருந்து மண்வெட்டிக்காரன் குரல் வந்தது.

"இருக்கட்டும். எவன்னு பாரு, ஏறு."

குழியில் ஒரு பூட்ஸ் பதிந்தது. பிறகு ஒரு தொப்பி. மூச்சிரைப்பு நெருங்கியது. இத்தனை வருஷத்தில் இந்த வீடுகளில் ஒரு கல்லையும் அவள் இடம் மாற்றியதில்லை. வாசல் ஓரத்துக் கல்லைப் பிடித்தாள். மண்சாந்தில் யாரோ ஒருத்தியின் விரல்கள் அழுத்திய பள்ளங்கள் இருந்தன. அதே பள்ளங்களில் விரல்களைக் கொடுத்து நெம்பினாள். கல் பெயர்ந்து வந்தது. அதை உருட்டிக்கொண்டு வெளி விளிம்பு வரை தவழ்ந்துபோய், வெடிப்புக்குள் தள்ளிவிட்டாள்.

அலறல். ஏதோ விழுந்து உருண்டது. உடனே ஒரு வெடிச் சத்தம். கூரை மண் இருவர் தலையிலும் கொட்டியது. ரோஸெல்டா வாய்க்குள்ளேயே ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

"கால் போச்சு... ஐயோ, கால் போச்சுய்யா..."

"கத்தாதடா. வண்டிக்கு வா."

இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். நெடுநேரம் கழித்து இன்ஜின் உறுமித் தேய்ந்தது. வெயில் சிவந்து சுவரின் மேல்வரிசைக்கு ஏறியிருந்தது.

"போய்ட்டாங்க அண்ணி. ஏணிய இறக்குங்க. என்னால இதுக்குள்ள இருக்க முடியல."

ஆர்டித் ஏணியில் கை வைத்தாள், தூக்கவில்லை.

"வண்டி போச்சு," என்றாள். "ரெண்டு பேரும் போனாங்களா?"

ரோஸெல்டா மெதுவாக நகர்ந்து வந்து, முதல்முறையாக அந்தச் சுவரில் கையை ஊன்றி, அண்ணியின் தோளோடு ஒட்டி நின்றாள். ஆர்டித் மறுபடி துளையில் கண்ணை வைத்தாள். வெடிப்பு காலியாக இருந்தது. குழிகளில் நிழல் நிறைந்துகொண்டிருந்தது. துளைக்கு எட்டாத பக்கத்திலிருந்து, பாறையை ஒட்டி, சிகரெட் புகை மெலிதாக மேலே ஏறி வந்தது.