சிவப்புப் பலகை

நாட்டின் விளையாட்டுக் காட்சியகத்தில் ஒரு சுவரையே நீச்சல்காரிக்கு ஒதுக்கியிருந்தார்கள். பதக்கம், தொப்பி, சாயம் போன நீச்சல் உடை எல்லாம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தன. நடுவில் ஆளுயரப் படம் ஒன்று. நெடுந்தூரப் போட்டியில் அவள் சுவரைத் தொட்டுத் திரும்புகிறாள். நீச்சலில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அந்தப் போட்டியில்தான். மறுநாள் திறப்பு விழா.

நீச்சல்காரி தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தில்தான் தேடினாள்.

"எங்க என் தங்கச்சி?"

கரையில் குந்தியிருந்த தங்கையை வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சம் ஒரு முழங்கைதான். காட்சியகத்து அதிகாரியம்மா பாவம், கையைப் பிசைந்தாள்.

"அவங்கதான் மேடம் போன் பண்ணி வெட்டச் சொன்னாங்க. நாளைக்கு விழாவுக்கும் வரலையாம்."

நீச்சல்காரிக்குச் சுருக்கென்றது. தங்கை இல்லாமல் அந்தச் சுவர் எதற்கு?

நெடுந்தூரம் நீந்துகிறவர்களுக்குத் தண்ணீருக்குள் கணக்குத் தப்பும். அதனால் புறப்பட்ட சுவரோரம் ஒருவர் குந்திக்கொண்டு, அவர்கள் வரும்போதெல்லாம் சுற்று எண் எழுதிய பலகையைத் தண்ணீரில் முக்கிக் காட்டுவார். இனி ஒரே சுற்றுதான் என்றால் சிவப்புப் பலகை. அதைக் கண்டதும் உடம்பில் இருக்கிற தெம்பையெல்லாம் வழித்துப் போட்டு நீந்த வேண்டியதுதான். மற்றவர்கள் அந்த வேலைக்குப் பயிற்சியாளரை உட்காரவைத்தார்கள். இவள் ஒற்றைக்காலில் நின்று தங்கையை உட்காரவைத்தாள்.

அந்தத் தங்கை இப்போது மருந்துக்கடைக்காரி. மூன்று முறை எண்ணாமல் ஒரு மாத்திரையும் அவள் கையை விட்டுப் போகாது. அவள் எண்ணி முடிப்பதற்குள் காய்ச்சலே இறங்கிவிடும் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். நீச்சல்காரி நேரே கடைக்குப் போய், அட்டைப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்டி வெட்டச் சொன்னே?"

"அதுல என் மூஞ்சி சகிக்கலக்கா."

"பொறந்ததுலேர்ந்து அந்த மூஞ்சியத்தானே பாக்கறேன். எனக்கொண்ணும் ஆகல. உண்மையச் சொல்லு."

தங்கை மருந்துப் பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு படபடவென்று கொட்டினாள்.

"அந்தப் படத்துல என் கையில சிவப்பு இருக்குக்கா. பின்னாடி பெரிய போர்டுல இன்னும் ரெண்டு சுத்து பாக்கின்னு இருக்கு. கண்ணு இருக்கற யாருக்கும் தெரியும். நான் ஒரு சுத்து முன்னாடியே காட்டிட்டேன். உன்னைத் தண்ணியிலேர்ந்து தூக்கிட்டுல்ல வந்தாங்க! நாடே வந்து பாக்கற எடத்துல என் முட்டாள்தனத்தையா மாட்டி வைக்கணும்?"

இத்தனை வருடத்தில் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் அக்கா கோபிப்பாள் என்று இவள் நினைத்தாள். சொன்னால் தங்கை நொந்துபோவாள் என்று அவள் நினைத்தாள். பாசம் வைத்தவர்கள் செய்கிற பைத்தியக்காரத்தனத்துக்கு அளவே கிடையாது.

நீச்சல்காரி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. நானும் உள்ள எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். என் கணக்குல ரெண்டு சுத்து இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அப்படிப் பாய்ஞ்சே?"

"நீ சிவப்பக் காட்டினியே. என் கணக்குதான் தப்புன்னு நெனச்சேன். நீ தப்பா காட்டுவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

தங்கை வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா மேலே சொன்னாள்.

"முடிஞ்சுதுன்னு வந்து தலையத் தூக்கினா மறுபடியும் சிவப்பு. அதுக்கு மேல உன் முகம். தேம்பித் தேம்பி அழறே. மத்தவங்களவிட நான் எவ்வளவோ முன்னாடி வந்துட்டேன். ஆனா கை காலு ஓஞ்சு போச்சு. போதும், விட்டுடலாம்னு இருந்துச்சு. விட்டிருந்தா நீ ஆயுசு முழுக்க உன்னையே திட்டிக்கிட்டிருப்பே. எல்லாரும் நான் நாட்டுக்காக நீந்தினேன்னு சொல்றாங்க. அந்தக் கடைசிச் சுத்து உனக்காக நீந்தினதுடி."

கடையில் யாரோ மேசையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். தங்கைக்கு அது காதில் விழவில்லை. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து ஆசைதீர அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதிகாரியம்மாவுக்கு போன் போட்டாள்.

"மேடம், படத்த வெட்டாம முழுசா மாட்டிடுங்க. பின்னாடி இருக்கற போர்டும் தெரியணும்."

எதிர்முனையில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள்.

"ஆமா, நான் தப்பாத்தான் காட்டினேன். அதையும் கீழ எழுதிடுங்க. அக்கா என்னை நம்பினாங்கன்னும் எழுதுங்க."