நாகம் கலந்த பாளங்கள்

கோயமுத்தூர் டயர் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துண்டுகளைப் பிரிப்பதுதான் முத்தாத்தாளின் வேலை. கார்ச் சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் அடித்து வைக்கும் விரல் நீளத் துண்டுகள் அவை. பெரும்பாலும் ஈயம், நடுநடுவே நாகமும், அதாவது துத்தநாகமும், கிடக்கும். குறடால் கடித்தால் ஈயத்தில் தடம் பதியும், நாகத்தில் பதியாது. சந்தேகம் வந்தால் கல்லில் போட்டுக் கேட்பாள். ஈயம் மொத்தென்று விழும், நாகம் கிணுங்கும். பிரித்த ஈயத்தை அவளே உருக்கி, மேலே மிதக்கும் இரும்புக் கிளிப்புகளையும் கசடையும் வழித்துப் பாளமாக ஊற்றுவாள். கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில், மாரப்பனின் பழைய இரும்புக் கடையில் ஆறு வருடமாக இதுதான் அவள் பிழைப்பு.

எழுபத்து நான்காம் வருடம் ஆவணியில் கொல்லங்கோட்டுச் சாலையில் குடிநீர்க் குழாய் பதித்தார்கள். குழாய்கள் சேரும் மூட்டில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைக்க வேண்டும். ஒரு நாள் காலை, இருபது பாளம் அன்று சாயங்காலமே வேண்டும் என்று கான்ட்ராக்டரின் ஆள் சொல்லிவிட்டுப் போனான். அன்று வந்திருந்த மூட்டையிலோ நாகம் அதிகம். முத்தாத்தாள் ஒரு டப்பா நிறைய ஒதுக்கி வைத்தாள்.

“அதையும் போடு. எடை பத்தாது,” என்றார் மாரப்பன்.

“வேண்டாமுங்க. நாகஞ் சேந்தா ஈயம் ஓடாதுங்க. கூழாட்ட நிக்கும்.”

அவள் சோறு தின்னப் போய்த் திரும்பியபோது டப்பா காலியாக இருந்தது. சட்டிக்கடியில் தீ திகுதிகுவென்று எரிந்தது. சின்னத் தீயில் ஈயம் மட்டும் உருகும். நாகம் உருகாமல் மேலே மிதக்கும், வழித்துவிடலாம். இந்தச் சூட்டில் எல்லாம் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தது. கரண்டியை விட்டுக் கிளறினாள். நொய்க்கஞ்சி போல் திரிதிரியாக வந்தது.

“ஏனுங்க இப்படிப் பண்ணீட்டீங்க?”

“மண்ணுக்குள்ள போறதுதானே? யாரு தோண்டிப் பாக்கப் போறா? ஊத்து.”

ஊற்றினாள். சாயங்காலம் வந்த கான்ட்ராக்டரின் ஜீப்பிலும் அவளே தூக்கி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அதே ஜீப் திரும்பி வந்தது. பைப் ஃபிட்டர் சகாயம் இறங்கினார். மலைமேல் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் பக்கத்து ஆள். வலது முன்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“ஏய்யா, இது ஈயமா? ஊத்த ஊத்தப் பாதியிலயே அடைச்சிக்கிட்டு, என் கையிலயே வழிஞ்சிட்டுது,” என்றார்.

லாரிக்காரர்கள் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். மாரப்பன் முத்தாத்தாளைக் கை காட்டினார்.

“பிரிக்கறது இந்தப் பொம்பளைதானுங்க. கண்ணு மங்கிப் போச்சாட்ட இருக்குது.”

ஆறு வருடத்தில் ஒரு பாளம்கூட அவள் கை பட்டுத் திரும்பி வந்ததில்லை.

“என்ற கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க. ஒதுக்கி வெச்ச நாகத்தக் கொட்டுனது நீங்க. நாஞ் சோறு திங்கப் போனப்பக் கொட்டுனீங்க. வேண்டாம்னு சொன்னனா இல்லீங்களா?”

“கூலிக்காரி பேச்சையா நம்பறீங்க?” என்று மாரப்பன் சகாயத்திடம் கேட்டார்.

சகாயம் அவரைப் பார்க்கவில்லை. “தெரிஞ்சும் ஏம்மா ஏத்திவிட்ட?” என்று அவளைக் கேட்டார்.

முத்தாத்தாள் துணி சுற்றிய கையைப் பார்த்தாள்.

“அது என்ற தப்புதானுங்க. மிச்சத்துல ஒண்ணக்கூட ஊத்தாதீங்க.”

சகாயம் ஜீப்பில் மிச்சமிருந்த பாளங்களை ஒவ்வொன்றாகக் கடை வாசலில் இறக்க வைத்தார். ஜீப் போனதும் மாரப்பன், “நாளையில இருந்து நீ வர வேண்டாம்,” என்றார். முத்தாத்தாள் குறடை அவர் காலடியில் போட்டுவிட்டு அப்போதே நடந்தாள். அவளுக்கு மாரப்பன்மேல் மட்டுமில்லாமல், ஜீப்பில் வந்தவனிடம் வாயைத் திறந்து சொல்லாமல் பாளங்களைத் தூக்கி வைத்த தன் கைகளை நினைத்தும் ஆத்திரம் வந்தது.

பத்து நாள் கழித்து, அவள் கடலைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தபோது மாரப்பனின் மனைவி சரஸ்வதியம்மாள் வந்தாள். புதிதாக வைத்த ஆளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை; இரண்டு தடவை சரக்கு திரும்பிவிட்டது.

“உன்னய வரச் சொன்னாரு, முத்தாத்தா. ஏதோ கோவத்துல சொல்லீட்டாரு.”

“கோவத்துல சொல்லுலீங்கம்மா. தாந் தப்பிச்சுக்கறதுக்குச் சொன்னாரு. அன்னைக்கு நின்ன அத்தன பேருக்கு முன்னால, கொட்டுனது நாந்தான்னு சொல்லட்டும். உடனே வர்றனுங்க.”

சரஸ்வதியம்மாள் வரப்போடு திரும்பிப் போனாள். மாரப்பன் அப்படிச் சொல்லவே இல்லை. மூட்டைகளைப் பிரிக்காமலேயே பொள்ளாச்சி வியாபாரிக்குத் தள்ளிவிட்டார்.

சகாயத்தின் புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. குழாய் வேலைக்காரர்களின் கொட்டகைக்கு முத்தாத்தாள் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். மாரப்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அங்கே கேள்விப்பட்டபோது, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள்.