மூன்று கிலோ எழுநூறு கிராம்

செப்டம்பர் 9, செவ்வாய்

சித்தியின் நேற்றைய எடையைத் தவறாக எழுதிவிட்டேன். நோட்டில் 89.4 என்று இருக்கிறது. அது 93.1 ஆக இருக்க வேண்டும். அடித்துத் திருத்துவதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதிக்கொள்கிறேன். இல்லையென்றால் நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஐந்து மாதமாகத் தினமும் காலை ஆறரைக்குச் சித்தி எடை பார்க்கிறாள். எடை மெஷின் வீட்டு நடையின் நடுவில் இருக்கிறது. நான் பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்வேன். நேற்று 89.4 காட்டியது. எழுதப் போனால் பேனாவில் மை இல்லை. வேறு பேனா எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் சித்தி தானாக இறங்கி மறுபடி ஏறியிருந்தாள். 93.1.

"என்னடி இது? பேனா எடுத்துட்டு வர்றதுக்குள்ள நாலு கிலோ ஏறிடுச்சா?" என்றாள்.

மூன்றாம் முறை நான் பக்கத்தில் இருக்கும்போதே ஏறச் சொன்னேன். மறுபடி 89.4. மூன்றில் இரண்டு ஒத்துப்போவதால் அதையே எடுத்துக்கொண்டேன். அப்போது அது சரியான முறையாகத்தான் பட்டது.

இன்று மாலை வகுப்பில் பேரிங், அதாவது தாங்கி பற்றிய பாடம். நான் படிப்பது இயந்திரப் பராமரிப்பு. ஆசிரியர் ஒரு இரும்புத் தண்டை இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, ஒன்றின் அடியில் மட்டும் பாரம் காட்டும் அளவுமானியை வைத்தார். "இதை மட்டும் பாத்துட்டு மொத்த பாரம் இவ்வளவுதான்னு எழுதுவீங்க. இன்னொரு தாங்கி ஒண்ணு இருக்கே, அது என்ன சும்மா வேடிக்கை பாக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டி நடுங்குவதால் சித்தி மெஷினில் ஏறும்போதெல்லாம் என் இடது தோளைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு மாதமாக அந்தத் தோள் வலிக்கிறது. வகுப்புப் பைதான் காரணம் என்று நினைத்துப் பையை வலது பக்கம்கூட மாற்றிப் பார்த்தேன்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் சோதித்துப் பார்த்தேன். தோளைப் பிடித்தால் 89.3. பிடிக்காமல் 93.0. மூன்று முறையும் அதே 3.7 கிலோ வித்தியாசம்.

இதில் ஏன் இத்தனை பதற்றம் என்று பிறகு படிக்கும்போது புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சித்தியின் வலது முட்டியில் எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை முழுக்கத் தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைக்கத் தொண்ணூறு கிலோவுக்குள் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை எடை பார்த்துத் தேதி கொடுப்பதாக இருந்தது. சித்திக்குத் திரைச்சீலைப் பட்டறையில் துணி வெட்டும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்வது. முட்டி போனதிலிருந்து மூலையில் உட்கார்ந்து திரைச்சீலை வளையம் எண்ணுகிறாள். தேதி தெரியும்வரை வெட்டு மேஜையை வேறு யாருக்கும் நிரந்தரமாகத் தருவதில்லை என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். 89 வந்துவிட்டது என்று பட்டறை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். துணியை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்ப இத்தனை நாளா உன் தோள்மேல சவாரி பண்ணிட்டு இருந்திருக்கேன்னு சொல்லு."

"தப்பு என்னோடது சித்தி. நான் கவனிச்சிருக்கணும்."

"நீ எண்ணைப் பாத்தே. நானும் எண்ணைத்தான் பாத்தேன். கையை யாரு பாத்தா?"

செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க? அங்கயும் இவ பக்கத்துல நிக்கட்டும். தோள் கொடுத்தா தேதி கொடுத்துடப் போறாங்க."

"நீங்க வாயை மூடிட்டு பேப்பரைப் படிங்க."

"வாயைக் கட்டுன்னு உனக்குத்தானே டாக்டர் சொன்னாரு?"

சித்தி துணியை உதறினாள். "சொல்றதுக்கென்ன, எல்லாரும்தான் சொல்றாங்க. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஒரே ஒரு மாடி ஏறிப் பாக்கட்டும். நடந்தா வலிக்குது. நடக்காட்டி உடம்பு போடுது. உடம்பு போட்டா இன்னும் வலிக்குது. எந்த நுனியைப் புடிச்சு அவிழ்க்கறதுன்னு எவனாவது சொன்னானா?"

சித்தப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மருத்துவமனையில் எடை பார்க்கும் இடம் நடைபாதையின் கடைசியில். பெரிய மேடை போன்ற மெஷின். இடுப்பு உயரத்தில் இரும்புக் கம்பி. சித்தி கைப்பையை என்னிடம் கொடுத்தாள். "இதுவே ஒரு கிலோ இருக்கும்" என்றாள். ஏறினாள்.

"கம்பியைப் புடிச்சுக்கோங்கம்மா" என்றார் நர்ஸ். "விழுந்து வெச்சீங்கன்னா எனக்குத்தான் திட்டு விழும்."

இரண்டு கையையும் கம்பியில் ஊன்றினால் எண்பதுகளில் வந்துவிடும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நர்ஸே பிடிக்கச் சொல்கிறார், ஆகவே அது பொய்யும் ஆகாது என்று அந்த நொடியில் நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

சித்தியின் வலது கை கம்பிவரை போனது. பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். முட்டி நடுங்கியது. நான் ஓரடி தள்ளி, பிடிக்கத் தயாராக நின்றேன். தொடவில்லை.

92.9.

டாக்டர் பழைய அட்டையைப் புரட்டினார். ஏப்ரலில் இதே மெஷினில் 101.

"எட்டு கிலோ குறைச்சிருக்கீங்க. சாதாரணமில்ல. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ குறையும். மாடிப்படி எப்படி இருக்கு?"

"முன்னாடி நடுவுல ரெண்டு தடவை நிப்பேன். இப்ப ஒரு தடவை."

"அப்ப எட்டு நாலு முப்பத்திரண்டு கிலோ. சும்மாவா? ஆனா ஆபரேஷனுக்கு இன்னும் மூணு குறையணும். மயக்க மருந்துக்கும் நல்லது, புண் ஆறவும் நல்லது. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

தேதி கிடைக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சித்தி மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். "இன்னும் ஆறு வாரம்... ஆமா, 89ன்னு சொன்னேன், தப்பாப் பாத்துட்டோம்... சரி, அவளையே போடுங்க." வைத்துவிட்டாள். புதிதாக வந்த பெண்ணைத் திங்கள் முதல் வெட்டு மேஜையில் போடுகிறார்களாம். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றாராம்.

"கம்பியைப் புடிச்சிருக்கலாமே சித்தி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"கை கம்பிவரைக்கும் போச்சே, பாக்கல?" முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சு எழுந்து நிக்கப் போறது நானா, கம்பியா? வா, பஸ்ஸு வந்துடும். தோளைக் கொடு. இப்ப யாரும் எடை பாக்கல."

கொடுத்தேன். மூன்று கிலோ எழுநூறு கிராமுக்குமேல் இருக்கும் என்று தோன்றியது. அளக்க வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் செவ்வாய்வரை உள்ள எண்களைப் பார்த்தேன். எந்த நாளில் எவ்வளவு அழுத்தினாள் என்று தெரியாததால் எல்லாவற்றிலும் 3.7 கூட்டுவது சரியாகாது. கோடு போட்டு, "தோள் பிடித்தது" என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன்.

நாளை: ஆறரைக்கு முன்பே எழ வேண்டும். மெஷினுக்குப் பின்னால், தடுமாறினால் உட்கார நாற்காலி போட வேண்டும். நான் எதிரில் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.