டவருக்கு ஒரு நாத்தனார்

ஆலங்குடிக்கு வெளியே, அழகியின் முந்திரிக் கொல்லையில் நிற்கும் டவருக்குக் கேபிள் மாற்ற வந்திருந்தான் ஜஸ்டின். அதே காலையில் அடுத்த தெருவில் சாரா உம்மாளின் மகள் ஷமீமாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை பைரோஸுக்குக் குவைத்தில் லீவு கிடைக்காததால் போனில் வீடியோ காலில்தான் கல்யாணம். நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் சம்மதம் கேட்டார். பைரோஸ் வாயைத் திறந்து, "சம்ம..." என்றான். அப்படியே உறைந்துபோனான்.

சம்மதமா, சம்மதமில்லையா? பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சாரா உம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு டவருக்கு ஓடினாள். மாப்பிள்ளை போன இடத்துக்குச் சபையும் போக வேண்டுமே. ஹஜ்ரத்தும் சாட்சிகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

அங்கே நடந்தது இதுதான், கண்ணுகளா. டவர்ப் பெட்டிக்கு இரண்டு கேபிள். பவர் கேபிள் கரண்ட் கொடுக்கும், கன்ட்ரோல் கேபிள் வேலை சொல்லும். சொல்ல ஆளில்லாவிட்டால் பெட்டி விளக்கை எரித்துக்கொண்டு சும்மா இருக்கும்; நம் வீடுகளிலும் அப்படிச் சிலர் உண்டு. கன்ட்ரோலுக்கு அடையாளமாகச் சுற்றும் மஞ்சள் டேப் தீர்ந்துபோனதால், ஜஸ்டின் அழகியிடம் ஒரு மஞ்சள் கயிறு கேட்டான். ஆடிப்பெருக்கில் தாலி மாற்றிய மிச்சக் கயிற்றை அவள் கொடுத்தாள். கன்ட்ரோல் கேபிளைப் பெட்டியில் செருகி, அந்தக் கயிற்றால் கொக்கியோடு சேர்த்து முடிச்சுப் போட்டான். அது பக்கத்துத் துளை என்று பிறகுதான் தெரிந்தது.

"அவுக்கணும், நகருங்கம்மா."

அழகி அவன் கையைப் பிடித்தாள். "என் கொல்லையில நின்னுக்கிட்டு, கட்டுன தாலிய அவுப்பீங்களா?"

"அது கேபிளும்மா. எடம் மாறிப்போச்சு."

"எனக்குந்தான் ஒருத்தர் மாறி வாச்சாரு. அவுத்துட்டா போனேன்?"

அதற்குள் சாரா உம்மாள் வந்து போனை நீட்டினாள். "இங்க பாரு அழகி. இந்தப் புள்ள தொறந்த வாய மூடல. எம்மகளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லயான்னே தெரியல."

"அதுக்காக ஒரு குடியக் கெடுத்து இன்னொரு குடிய வாழவைக்கிறதாக்கா?"

சாரா உம்மாள் குனிந்து பார்த்தாள். "எத்தன முடிச்சு போட்டீங்க தம்பி?"

"ஒன்னுதாம்மா."

"கேட்டுக்க. ஒங்க வழக்கத்துல மூணு வேணும்ல? இது வெறும் நிச்சயதார்த்தம்."

அழகி யோசித்தாள். "ஆமா, நாத்தனா முடிச்சு ரெண்டும் விழல. அவுங்க தம்பி."

ஜஸ்டின் சரியான துளையில் செருகி ஒரு முடிச்சுப் போட்டான். விளக்கு மினுங்கியது, பச்சையாகவில்லை.

"நாத்தனா இல்லாம எப்புடி எரியும்?" என்று அழகி சாரா உம்மாளைப் பார்த்தாள். "போடுக்கா."

"எந்தக் கேபிளுக்கு நான் கூடப்பொறந்தவ?" என்று முனகிக்கொண்டே சாரா உம்மாள் இரண்டு முடிச்சும் இறுக்கிப் போட்டாள். விளக்கு பச்சையானது.

"...தம். சம்மதம், சம்மதம்" என்றது போன். "எத்தன தடவதான் சொல்றது மாமி, வாய் வலிக்கிது."

முந்திரி மரத்தடியிலேயே ஹஜ்ரத் துஆ ஓதினார். சாரா உம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"நாத்தனா முடிச்சுக்குச் சேலை எங்க தம்பி?"