கரைந்துபோன கொதிகலன் கூடம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவை ஒருக்களித்து வையுங்கள், காற்று வரட்டும். செங்கல்லும் சிமெண்டும் இல்லாமல் ஒருத்தி ஒரு தொழிற்சாலையே கட்டினாள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

அவள் பஸ் ஓட்டுகிறவள். வாரத்தில் ஆறு நாள் ஸ்டியரிங், ஞாயிற்றுக்கிழமை போர். பயப்படாதீர்கள், மேஜைப் போர்தான். விரல் உயரப் பொம்மை வீரர்களை அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட்டுக்கொள்வது. ஆடுகிறவர்கள் மூன்றே பேர்: அவள், மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் அண்ணன், கடிகாரம் பழுதுபார்க்கும் மாமா. மாமா என்றால் ரத்த உறவு இல்லை. பத்து வருஷம் சேர்ந்து பகடை உருட்டினால் உறவு தானாக ஒட்டிக்கொள்ளாதா?

ஆட்டம் எப்போதும் அண்ணன் வீட்டில். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மாமாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அந்தப் படிகள் மலையாகிவிட்டன. மூன்று மாதமாக அவர் வரவில்லை. அவருடைய பச்சைச் சட்டைப் படை டப்பாவுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது.

"என் வீடு கீழ்த்தளம்தானே அண்ணே. அங்க ஆடலாமே" என்றாள்.

"மொட்டை மேஜையிலயா? ஒளிய ஒரு சுவர் வேணாமா? என் கட்டடமெல்லாம் கடையில வாங்கினது, படியில தூக்கிட்டு இறங்கினா ஒரு புகைபோக்கி மிஞ்சாது. நீயே ஒரு களம் போடு. ஞாயிறு வந்து பார்க்கிறேன். தேறுச்சுன்னா இனிமே அங்கதான்."

"தேறலைன்னா?"

"மாடிதான்."

மாடி என்றால் மாமா இல்லை.

அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு மூடி தங்கவில்லை.

"என் ஷேவிங் க்ரீம் மூடி எங்கம்மா?" என்றார் கணவர்.

"அது இப்ப எண்ணெய்த் தொட்டி. தொடாதீங்க, பசை காயலை."

உறிஞ்சுகுழல்கள் நீராவிக் குழாய்கள் ஆயின. காலியான மாத்திரை அட்டைகள் கண்ணாடிக் கூரை. கொசுவலைத் துண்டு இரும்பு நடைபாதை. நடுநாயகமாகக் கொதிகலன் கூடம். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலை அறுத்துச் செய்தது.

தெர்மாகோலுக்கு ஒரு விதி உண்டு. மேலே பசை பூசிக் காயவைக்காமல் வெறுமனே ஸ்ப்ரே அடித்தால், பெயிண்ட் அதைக் கரைத்துத் தின்றுவிடும். இது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் காய்ந்த பசை கண்ணுக்குத் தெரியாதே. மூன்று சுவர் பூசியிருந்தாள். நான்காவதற்குப் போகும்போது கணவர் சீப்பைக் காணோமென்று கூப்பிட்டார். திரும்பி வந்தவள் நான்கும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம், பின்வாசலில் வைத்துக் கறுப்பு ஸ்ப்ரேயை அடித்தாள். மூன்று சுவர் ஜம்மென்று நின்றது. நான்காவது சுருங்கிக் குழிந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பொந்தாகிவிட்டது.

கணவர் எட்டிப் பார்த்தார். "போர் நாலு மணிக்குன்னு சொன்னே. அதுக்குள்ள குண்டு விழுந்துடுச்சா?"

அவள் பார்த்த பார்வையில் மனிதர் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

அழ நேரமில்லை. உலர்ந்த தூரிகையில் சாம்பல் நிறம் தொட்டு விளிம்புகளில் தேய்த்தாள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துச் செம்பழுப்பில் ஒற்றினாள். குழாய்களில் துரு படர்ந்தது. பொந்துள்ள பக்கத்தை ஜன்னலோரம் திருப்பி வைத்தாள். அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தால் எதிர்ப்பக்கம்தான் உட்காருவான்.

மாமா கைத்தடியோடு முதலில் வந்தார். காலை நீட்ட ஜன்னலோரம்தான் வசதி என்று அங்கேயே உட்கார்ந்தார். பொந்து அவர் மூக்குக்கு நேரே இருந்தது. கடிகாரம் பழுதுபார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பொந்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து தன் படையை அடுக்க ஆரம்பித்தார்.

அண்ணன் வந்தான், நின்றவாக்கிலேயே பார்த்தான், "ம்" என்றான், ஆட உட்கார்ந்தான். அந்த "ம்"மில் தேறியதா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் நடுவராக நின்றாள்.

மூன்றாம் சுற்றில் மாமா பகடை உருட்டினார். "உன் தளபதி காலிப்பா."

"எங்கிருந்து சுட்டீங்க? நடுவுல முழுசா ஒரு சுவர் இருக்கே."

"முழுசாவா? இந்தப் பக்கம் வந்து பாரு."

அண்ணன் சுற்றி வந்து குனிந்தான். பொந்துக்குள் ஒரு பச்சைச் சட்டைக்காரன் படுத்திருந்தான். அவன் துப்பாக்கி, கூடத்தின் எதிர்ப்பக்க வாசல் வழியாக நேராகத் தளபதியைப் பார்த்தது.

"பசை பூச விட்டுப்போச்சு அண்ணே" என்று அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். "ஸ்ப்ரே தின்னுடுச்சு. அதான் திருப்பி வச்சேன்."

"இது அநியாயம் மாமா" என்றான் அண்ணன்.

"ஆடறதுக்கு முன்னாடி களத்தைச் சுத்திப் பார்க்கணும்னு விதி எழுதினது யாரு? நீதானப்பா."

அண்ணன் பொந்தின் கறுத்த விளிம்பை விரலால் தடவினான். கடையில் வாங்கிய அவன் கட்டடங்கள் ஒன்றிலும் இப்படி ஒரு காயம் கிடையாது. தன் தளபதியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறும் இங்கதான்" என்றான். "ஆனா ஜன்னல் பக்கம் நான் உட்காருவேன்."

"என் காலை எங்கப்பா நீட்டறது?" என்றார் மாமா.

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டுச் சுவர்கள் கெட்டியாக நிற்கட்டும், கண்ணுகளா. வரவேண்டியவர்கள் சிரமமில்லாமல் வந்து காலை நீட்டி உட்கார, அங்கே எப்போதும் ஒரு ஜன்னலோரம் இருக்கட்டும்.